அட்லாண்டாவில் ஒரு நாள்: ஊரிலிருந்து வந்தவர்களை எங்கே கூட்டிப்போவது?

ஜூன் பிறந்துவிட்டால் அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் சாயங்காலம் ஒரு காட்சியைப் பார்க்கலாம். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மகள் வாங்கித்தந்த ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் பேரனின் சின்ன சைக்கிள். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் நடந்துகொண்டிருப்பார்கள். வந்த முதல் வாரம் தூக்கக் கலக்கத்தில் போய்விடும். இரண்டாம் வாரம் கோயில்: ரிவர்டேல் பெருமாள், லில்பர்னில் உள்ள சுவாமிநாராயண் கோயில். மூன்றாம் வாரம் காஸ்ட்கோவும் அலுத்துப்போகும். "இந்த ஊர்ல பார்க்க என்னதான் இருக்கு?" என்று அப்பா கேட்பது அப்போதுதான்.

இருப்பது நிறைய. சிக்கல், எல்லோருக்கும் ஒரே இடம் பொருந்தாது என்பதுதான். எங்கள் வீட்டுக் கணக்கு இது: எழுபதைத் தாண்டிய அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண், நானும் வீட்டுக்காரரும். மூன்று கோடைகளாக இந்தக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு சுற்றியதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எந்த இடம் பெரிது, எது புகழ்பெற்றது என்று பார்த்து முடிவெடுத்தால் நாள் பாழ். நம் கூட்டத்தில் முதலில் களைத்துப்போகிறவர் யார் என்று பார்த்து முடிவெடுத்தால் தப்பித்தோம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் முழங்கால். ஒரு மணிக்கு மேல் ஆனால் சின்னவளின் தூக்கம்.

முதல் பெயர் எல்லோர் வாயிலும் வருவது ஜார்ஜியா அக்வேரியம். 2005 நவம்பரில் திறந்தார்கள். ஹோம் டிப்போ கடைகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னி மார்க்கஸ் இந்த ஊருக்குத் தந்த 25 கோடி டாலர் நன்கொடையில் எழுந்தது. இதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கட்டடத்தின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. உள்ளே இருக்கும் பெரிய தொட்டியில் மட்டும் 63 லட்சம் கேலன் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட 2.4 கோடி லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏறத்தாழ இரண்டாயிரம் வந்து ஊற்ற வேண்டும். அதில் தைவானிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து வளர்த்த திமிங்கலச் சுறா, இறக்கை விரித்தாற்போல் மிதக்கும் ராட்சதத் திருக்கைகள், ஆயிரக்கணக்கில் மற்ற மீன்கள். தொட்டிக்கு அடியிலேயே ஒரு சுரங்கப் பாதை போகிறது. அதன் ஒரு பக்கம் நகரும் தளம். அதில் ஏறி நின்றால் போதும், தலைக்கு மேல் சுறா நீந்திப் போகும்.

ஆனால் இந்த இடத்துக்கு நான் முதல் மதிப்பெண் போடுவது சுறாவுக்காக அல்ல. சுரங்கத்தைத் தாண்டினால் 61 அடி அகலம், 23 அடி உயரத்தில் ஒரே ஒரு கண்ணாடிச் சுவர் வரும். உண்மையில் அது இரண்டு அடி தடிமனான அக்ரிலிக். அதற்கு எதிரே சினிமாக் கொட்டகை போல இருட்டு, உட்கார இடம், ஏசி. அம்மா அங்கே உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சின்னவள் மடியில் தூங்கிப்போனாள். பெரியவன் அப்பாவை இழுத்துக்கொண்டு பெலுகா திமிங்கலத்தையும் கடல்சிங்கக் காட்சியையும் பார்த்துவிட்டு வந்தான். நாலு வயதும் எழுபது வயதும் ஒரே நேரத்தில், தத்தம் வழியில், நிம்மதியாக இருந்த இடம் என்று யோசித்தால் இந்த நகரத்தில் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை காசு. நம்மைப் போல ஆறு பேர் போனால் டிக்கெட்டுக்கு மட்டும் 200 டாலர் சுலபமாகத் தாண்டும். நாளுக்கு நாள் விலை மாறும். வார நாளுக்கு முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் குறையும். இரண்டாவது, கூட்டம். சனி, ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு மேல் அந்தச் சுரங்கத்தில் நுழைவது தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் நுழைவது மாதிரி. கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், வேறெங்கும் நிற்காமல் நேரே பெரிய தொட்டிக்குப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அக்வேரியத்துக்குப் பக்கத்திலேயே வேர்ல்ட் ஆஃப் கோக்கோ கோலா. பக்கத்தில் இருக்கிறதே, இதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம் என்பேன். 1886இல் ஜான் பெம்பர்டன் என்ற மருந்துக்கடைக்காரர் இந்த ஊரில் கலக்கிய பானம், இன்று உலகம் முழுக்க. கதை நல்ல கதைதான். ஆனால் சொல்கிறவர்களும் விற்கிறவர்களும் ஒரே ஆட்கள். காசு கொடுத்து உள்ளே போய் விளம்பரம் பார்க்கிறோமே என்று அப்பா சொன்னதில் தவறு இல்லை. கடைசியில் பல நாட்டுப் பானங்களைக் குழாயில் பிடித்துக் குடித்துப் பார்க்கும் கூடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். பெவர்லி என்ற இத்தாலியப் பானத்தை ஒன்றும் தெரியாதவர் போல மாமாவுக்குக் கொடுத்து முகத்தைப் பார்ப்பது இங்கே வழிவழியாக வரும் குறும்பு. அவ்வளவு கசப்பு. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும் நாலு வயதுக் குழந்தையும் கூட இருந்தால் அந்தக் கூடத்தால் யாருக்கும் பயன் இல்லை, தொல்லைதான்.

அதற்குப் பதில் எதிரே உள்ள சென்டென்னியல் ஒலிம்பிக் பூங்காவுக்குப் போங்கள். 1996 ஒலிம்பிக்குக்காக அமைத்தது. ஐந்து வளையங்களாகத் தரையிலிருந்தே தண்ணீர் பீய்ச்சும் நீரூற்றில் குழந்தைகள் ஓடி விளையாடலாம். கட்டணம் கிடையாது. மாற்றுத் துணியும் துண்டும் மறக்காதீர்கள். மறந்துவிட்டு ஈரக் குழந்தையோடு ரயிலில் வந்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

அடுத்தது ஸ்டோன் மவுண்டன். நகரத்துக்குக் கிழக்கே, மரங்களுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை. மதுரைக்காரர்கள் பார்த்தால் உடனே "நம்ம யானைமலை!" என்பார்கள். சுற்றியுள்ள தரையிலிருந்து 825 அடி உயரம்; திருச்சி மலைக்கோட்டையைப் போல மூன்று மடங்கு. இங்கே வெட்டிய கல் பனாமா கால்வாய் வரை போயிருக்கிறது. மேலே போக இரண்டு வழி. ஒன்று, ஒரு மைல் நடை. கடைசிப் பகுதி செங்குத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். இன்னொன்று கேபிள் கார். பழனி விஞ்சில் பயமில்லாமல் ஏறுகிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உச்சியில் வெறும் பாறைவெளி. அதில் மழைநீர் தேங்கிய சின்னச் சின்னக் குட்டைகள், தூரத்தில் அட்லாண்டாவின் உயர்ந்த கட்டடங்கள். பையனும் அவன் அப்பாவும் நடந்து ஏற, நாங்கள் கேபிள் காரில் போய் மேலே சேர்ந்துகொண்டோம். இந்த ஏற்பாட்டை எல்லோருக்கும் சொல்வேன்.

இடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையின் ஒரு முகத்தில் குதிரைமேல் மூன்று பேர் பிரமாண்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், படைத்தலைவர்கள் ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன். 1915இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் மறுபிறவி எடுத்ததும் இந்த மலை உச்சியில்தான். 1923இல் தொடங்கிய சிற்ப வேலை பல முறை நின்று 1972இல்தான் முடிந்தது. அதாவது போர் முடிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்ற பிறகு. 1963இல் வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், விடுதலை மணி ஒலிக்க வேண்டிய இடங்களில் ஒன்றாக இந்த மலையின் பெயரைச் சொன்னது சும்மா அல்ல. "யாரும்மா இவங்க, நல்லவங்களா?" என்று பையன் கேட்டான். கேபிள் காரில் இறங்கும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. போவதற்கு முந்தின நாளே கொஞ்சம் பேசிவிட்டுப் போவது நல்லது. இந்தக் காரணத்துக்காகவே போக மாட்டோம் என்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

செலவைப் பொறுத்தவரை ஆளுக்கு இத்தனை என்று இல்லாமல் வண்டிக்கு இத்தனை என்று நுழைவுக் கட்டணம். கேபிள் காருக்குத் தனி. ஜார்ஜியா மாநிலப் பூங்காக்களுக்கான பாஸ் இங்கே செல்லாது. பலர் வாசலில் வந்துதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கொண்டு போய் ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஏற்ற இடம். ஜூலை மத்தியானம் மட்டும் வேண்டாம், பாறை தோசைக்கல்லாகிவிடும். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் இலை நிறம் மாறும்போது போனால் கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, மிருகக்காட்சி சாலை? கிரான்ட் பார்க்கில் இருக்கும் ஜூ அட்லாண்டாவின் மொத்தப் பரப்பு சுமார் 40 ஏக்கர். 600 ஹெக்டேர் வண்டலூரைப் பார்த்தவர்களுக்கு இது கொல்லைப்புறம் மாதிரி இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே வசதி. இங்கிருந்த பாண்டாக்கள் 2024 அக்டோபரில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. பாண்டா ஆசையில் குழந்தைகளைக் கிளப்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது கொரில்லாக்களை. வில்லி பி. என்ற கொரில்லாவை 27 ஆண்டுகள் ஒரு கான்கிரீட் அறையில், ஒரு டயர் ஊஞ்சலும் டிவிப் பெட்டியும் துணையாக வைத்திருந்தார்கள். 1984இல் நாட்டின் மிக மோசமான மிருகக்காட்சி சாலைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய பிறகுதான் இந்த இடத்தை அடியோடு மாற்றினார்கள். 1988இல் வில்லி பி. முதல் முறையாகப் புல்தரையில் கால் வைத்தது. பிறகு குட்டிகளும் பெற்று, 2000இல் இறந்தது. அப்பா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு கொரில்லாக்கள் உலவும் புல்வெளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யானை, சிங்கமெல்லாம் அவருக்கு அப்புறம்தான். கோடையில் போனால் காலை ஒன்பதரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். பத்தரைக்கு மேல் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும், நமக்கும் அதே எண்ணம் வந்துவிடும்.

மழை நாளுக்கு ஃபெர்ன்பேங்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அட்லாண்டாவில் கோடை மத்தியான இடிமழை சொல்லாமல் வரும், அதனால் இது எப்போதும் மனதில் இருக்க வேண்டிய இடம். கூடத்தின் நடுவே 120 அடிக்கு மேல் நீளமான அர்ஜென்டினோசாரஸ் எலும்புக்கூட்டு மாதிரி நிற்கிறது. மூன்று டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். டைனோசர் பைத்தியம் பிடித்த வயதில் பிள்ளை இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். மழை விட்டால் பின்னால் 65 ஏக்கர் பழங்காடு. அதே பெயரில் பக்கத்திலேயே ஃபெர்ன்பேங்க் அறிவியல் மையம் என்று இன்னொன்று இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தது. கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை, கோளரங்கத்துக்கு மட்டும் உண்டு. அப்போலோ 6 விண்கலத்தின் கூடு அங்கேதான் இருக்கிறது. ஒன்பது வயதுக்காரனுக்கு நான் அறிவியல் மையத்தைத்தான் முதலில் காட்டுவேன். முடித்துவிட்டு டிகேட்டர் பக்கம் பட்டேல் பிளாசாவில் சாப்பாடு, மளிகை என்று அம்மாவுக்கும் ஒரு வேலை ஆகிவிடும்.

நாலைந்து வயதுக்குழந்தை மட்டும்தான் என்றால் மிட்டவுனில் உள்ள பொம்மலாட்டக் கலை மையம். 1978இல் திறந்தபோது கெர்மிட் தவளைப் பொம்மையும் அதை உருவாக்கிய ஜிம் ஹென்சனும் நாடா வெட்டினார்கள். காட்சி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், குழந்தைகள் கையாலேயே பொம்மை செய்து பார்க்கலாம். ஊர்த் திருவிழாவில் தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் கயிறும் கையும் புரியும். ஒன்பது வயதுப் பையன்கள் மட்டும் "இது பாப்பாங்க பார்க்கறது" என்று முகத்தைத் திருப்புவார்கள்.

கடைசியாக, நம்மவர்கள் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இடம்: ஆபர்ன் அவென்யூவில் மார்ட்டின் லூதர் கிங் தேசிய வரலாற்றுப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. கிங் 1929இல் பிறந்த வீடு, அவரும் அவர் தந்தையும் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயம், நீர்த்தடாகத்துக்கு நடுவே அவரும் மனைவி கொரெட்டாவும் துயிலும் கல்லறை எல்லாம் ஒரு தெருவுக்குள். பிறந்த வீட்டைப் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். உள்ளே போக விரும்பினால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஒரு காந்தி சிலை நடந்துபோகும் கோலத்தில் நிற்கிறது. அதைப் பார்த்த நொடியில் அப்பா அமெரிக்கச் சுற்றுலாப் பயணி என்பதிலிருந்து மாறி எங்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டார். 1959இல் கிங் தம்பதியர் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியதும் கன்னியாகுமரிவரை போனதும் அவர் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் கிங்கை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்ததையும், முதலில் சுருக்கென்று இருந்தாலும் பிறகு அது உண்மைதானே என்று உணர்ந்ததையும் கிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்ற இடங்களில் பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே மட்டும் தலைகீழ். சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ரோஜாத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் போதும்.

போக்குவரத்தைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். நகர மையத்தில் இருப்பவற்றுக்கு வடக்கிலிருந்து காரில் போகாதீர்கள். 400ஆம் நெடுஞ்சாலையிலிருந்து நேரே நார்த் ஸ்பிரிங்ஸ் நிலையத்தின் பல மாடி பார்க்கிங்கில் நுழைந்து, மார்ட்டா ரயிலில் சிவப்புத் தடத்தில் ஏறினால் பீச்ட்ரீ சென்டர். அங்கிருந்து அக்வேரியம் பத்துப் பதினைந்து நிமிட நடை. அந்த நிலையத்தின் எஸ்கலேட்டர் சுமார் 190 அடி நீளம். எங்கள் சின்னவளுக்கு அன்றைய நாளின் சிறந்த சவாரி அதுதான். பாட்டிக்கு லிஃப்ட் இருக்கிறது. ஒலிம்பிக் பூங்காவிலிருந்து கிங் பூங்காவுக்கு ஒரு டாலரில் டிராம் போகிறது. பக்கத்து மெர்சிடிஸ் பென்ஸ் மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாளாகப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை பைன் மகரந்தம் கார்மேல் மஞ்சள் பூசியதுபோல் படியும். இளைப்பு உள்ளவர்களுக்கு அந்த வாரங்களில் வெளிப்புற இடம் எதுவும் வேண்டாம்.

செலவைக் குறைக்க ஒரு வழி பலருக்குத் தெரிவதில்லை. ஜார்ஜியாவின் பொது நூலகங்களில் புத்தகம் மாதிரியே மிருகக்காட்சி சாலை போன்ற இடங்களுக்கான குடும்ப பாஸ் இரவல் எடுக்கலாம். காத்திருப்பு நீளமாக இருக்கும், அதனால் பெற்றோர் விமானம் ஏறும்போதே பெயரைப் போட்டுவையுங்கள். ஆறு மாதம் தங்கப்போகிறார்கள் என்றால் அக்வேரியத்துக்கு ஆண்டுச் சந்தா போடலாமா என்ற கேள்வி வரும். மூன்று தடவையாவது போவோம் என்றால் போடுங்கள். போவோம் என்று நினைத்துப் போட்டுவிட்டு ஒரே தடவை போனவர்கள்தான் என் நட்பு வட்டத்தில் அதிகம்.

இந்த முறை வரப்போவது மாமனாரும் மாமியாரும், செப்டம்பரில். மாமியாருக்கு முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதனால் மலையை அக்டோபர் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், அதுவும் கேபிள் கார்தான். முதல் நாள் அக்வேரியம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சக்கர நாற்காலியோடு. பள்ளி இருப்பதால் பையனுக்கு ஒரு நாள் லீவு. மற்றபடி கூட்டமே இருக்காது. மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், அவருக்கும் பையனுக்கும் மட்டும் இன்னொரு நாள் டிராமில் கிங் பூங்கா. அம்மா போனில் சம்பந்தியிடம் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருக்கிறார் போல. நேற்று மாமியார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்தக் கண்ணாடி முன்னாடி எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரலாமாமே, யாரும் எழுப்ப மாட்டாங்களா?" எழுப்ப மாட்டார்கள் அத்தை, நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.